முதல் வீடு: சம்பளத்தில் 45 சதவீதம் தவணைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருக்கிறோம். விலையில் 80 சதவீதம் கடன் தர வங்கி தயார். 20 வருஷம், மாறும் வட்டி. தவணை எங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்தால் அதில் 45 சதவீதம் வரும். மீதி 20 சதவீதத்துக்கு சேமிப்பை வழித்துத் துடைத்து எடுக்க வேண்டும். "வாடகை கொடுப்பது தண்டம், உடனே வாங்கு" என்கிறார் அப்பா. "விலை இறங்கப் போகிறது, ரெண்டு வருஷம் பொறு" என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அப்பாவும் நண்பனும் சொல்வதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, அந்த 45 சதவீதம். இன்னொன்று, "வழித்துத் துடைத்து". வீட்டுக் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். உச்ச விலையில் வாங்கிவிட்டதால் மட்டும் வீட்டை இழந்தவர் என்று ஒருவரையும் எனக்கு நினைவில்லை. தவணை கட்ட முடியாமல் இழந்தவர்கள் நிறைய பேர்.

முதலில் கடன் எப்படிக் கரைகிறது என்று பார்த்துவிடலாம். இது தெரியாமல் மற்ற எதைப் பேசினாலும் வீண்.

கடன் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். வட்டி 8 சதவீதம், 20 வருஷம். மாதத் தவணை 8.36. முதல் மாதம் கட்டும் அந்த 8.36-இல் 6.67 வட்டிக்குப் போய்விடும். அசலில் குறைவது 1.70 மட்டும். ஐந்து வருஷம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் கையை விட்டுப் போனது 502. கடன் எவ்வளவு குறைந்திருக்கும்? 125. இன்னும் 875 பாக்கி. அசலில் பாதி தீர்வது 14-ஆவது வருஷத்தில்தான். கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது நீங்கள் கொடுத்திருப்பது மொத்தம் 2,007. வாங்கிய கடனைப் போல இரண்டு மடங்கு.

இதில் வங்கியின் சூழ்ச்சி எதுவும் இல்லை. பாக்கி அதிகமாக இருக்கும் வருஷங்களில் வட்டியும் அதிகம், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கை யாரும் எதிரே உட்கார வைத்துச் சொல்வதில்லை. கையெழுத்துப் போடும் முன் வங்கியிடம் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, முதல் 60 வரிகளை ஒருமுறை விரலை வைத்துப் படியுங்கள்.

மாறும் வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். வட்டி 8-லிருந்து 9 ஆனால் பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடும். ஒரு குறுஞ்செய்தி வரும், நீங்களும் "தவணை அதேதானே" என்று விட்டுவிடுவீர்கள். கடன் தொடங்கிய கையோடு அந்த ஒரு சதவீதம் ஏறினால், 20 வருஷக் கடன் 25 வருஷம் 4 மாதம் ஆகிவிடும். ஒரே ஒரு சதவீதம்! எதிர்ப்பக்கமும் இதே மாதிரி வேலை செய்யும். வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலாக அசலில் கட்டிக்கொண்டே வந்தால் 8 சதவீத வட்டியில் சுமார் 3 வருஷம் முன்னதாகவே கடன் முடியும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அப்பா. வாடகை தண்டம் என்கிறார். வாடகை திரும்பி வராது, உண்மை. கடனுக்குக் கட்டும் வட்டி மட்டும் திரும்பி வருமா? அதனால் வாடகையைத் தவணையோடு ஒப்பிடக் கூடாது. சொந்த வீட்டில் திரும்பி வராத செலவோடு ஒப்பிட வேண்டும்.

மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீட்டு விலை 1,250, கடன் 1,000, கைப்பணம் 250. முதல் வருஷ வட்டி சுமார் 79. பராமரிப்புக்கும் பழுதுக்கும் வீட்டு விலையில் ஒரு சதவீதம் ஒதுக்குவது பழைய வழக்கம், அது 12.5. அந்த 250-ஐ வைப்பில் போட்டிருந்தால் 6 சதவீதம் என்று வைத்தாலும் 15 வந்திருக்கும், அதுவும் போச்சு. மொத்தம் சுமார் 107. இப்போது இதே மாதிரி வீட்டுக்கு ஆண்டு வாடகை என்ன என்று பாருங்கள். விலை ஆண்டு வாடகையைப் போல் 30 மடங்கு என்றால் வாடகை 42 தான். வாங்குபவர் வருஷத்துக்கு 65 கூடக் கொடுக்கிறார். அந்தப் பள்ளம் நிரம்ப வேண்டுமானால் வீட்டு விலை ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏறியாக வேண்டும். விலை வாடகையைப் போல் 15 மடங்கு மட்டும் என்றால் வாடகை 83. விலை 2 சதவீதம் ஏறினாலே சரிக்குச் சரி. விலை 30 மடங்காக இருக்கும் ஊரில் அப்பா சொல்வது தப்பு, 15 மடங்காக இருக்கும் ஊரில் ஏறக்குறைய சரி.

ஆகவே முதல் வேலை: நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கட்டடத்திலேயே, அதே அளவு வீட்டுக்கு இன்று என்ன வாடகை என்று விசாரியுங்கள். விலையை 12 மாத வாடகையால் வகுங்கள். அந்த ஒற்றை எண் பத்து நிபுணர்கள் சொல்வதைவிட உங்களுக்கு உதவும்.

அப்பாவின் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வாடகை வருஷா வருஷம் ஏறும். வட்டிப் பகுதியோ வருஷா வருஷம் இறங்கும். அதனால் நாள் ஆக ஆக தராசு சொந்த வீட்டுப் பக்கம் சாயும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வருஷம் அங்கே இருப்பீர்கள்? பதிவு, வரி, தரகு என்று வாங்கும்போது ஒரு செலவு, விற்கும்போது ஒரு செலவு. இரண்டும் சேர்ந்து விலையில் 10 சதவீதத்தைத் தொடும் இடங்கள் பல. ஐந்து வருஷத்துக்குள் வேலை வேறு ஊருக்கு இழுக்கும் என்று தோன்றினால் வாங்காதீர்கள். ஏழு, எட்டு வருஷம் நிச்சயம் என்றால் மேலே பேசலாம்.

அடுத்து நண்பன். வீட்டுச் சந்தை பங்குச் சந்தை மாதிரி இறங்காது. பங்கை விற்பவருக்கு வாங்கிய விலை மறந்துபோகலாம். வீட்டை விற்பவருக்கு மறக்காது. "போன வருஷம் பக்கத்து வீடு இந்த விலைக்குப் போச்சு, நான் மட்டும் ஏன் குறைத்துக் கொடுக்கணும்?" என்று பூட்டி வைத்துவிடுவார். அதனால் முதலில் குறைவது விலை அல்ல, விற்பனை. அமெரிக்காவில் 2021 தொடக்கத்தில் 30 ஆண்டு நிலை வட்டிக் கடன் 3 சதவீதத்துக்கும் கீழே கிடைத்தது. 2023 அக்டோபரில் அது 8-ஐ நெருங்கியது. தவணை அப்படி எகிறியும் விலை சரியவில்லை. பழைய வட்டியில் வாங்கியவர்கள் வீட்டை விட்டு நகரவே இல்லை. அந்த வருஷம் அங்கே பழைய வீடுகளின் விற்பனை 1995-க்குப் பிறகு மிகக் குறைந்த அளவுக்குப் போனது.

அப்படியென்றால் விலை விழவே விழாதா? விழும். விற்றே ஆக வேண்டியவர்கள் கூட்டமாக வரும்போது விழும். அதே அமெரிக்காவில் 2006-க்கும் 2012-க்கும் இடையே நாடு தழுவிய வீட்டு விலை கால் பங்குக்கு மேல் விழுந்தது. தகுதி பார்க்காமல் கொடுத்த கடன்களும், சில வருஷம் கழித்து வட்டி ஏறும்படி எழுதப்பட்ட ஒப்பந்தங்களும், அப்புறம் வந்த வேலையிழப்பும் சேர்ந்து தள்ளிவிட்டன. ஜப்பானில் 1991 வாக்கில் உச்சத்தைத் தொட்ட நகர நில விலை பத்து வருஷத்துக்கும் மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷம் பொறுத்து வாங்கியவருக்கும் அங்கே அடிதான்.

நண்பன் சொன்னபடியே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை 10 சதவீதம் இறங்குகிறது. ஆனால் வட்டி 8-லிருந்து 9 ஏறியதால்தான் இறங்குகிறது. இப்போது கடன் 900, தவணை 8.10. முன்பு 8.36. விலையில் 10 சதவீதம் குறைந்தும் தவணையில் குறைந்தது 3 சதவீதம்தான். கைப்பணம் குறைவாகப் போதும் என்பது லாபம். இன்னொன்றும் உண்டு: விலை குறைந்து வட்டி ஏறியிருக்கும் காலத்தில் வாங்கினால், வட்டி பின்னால் இறங்கலாம், பலன் உங்களுக்கு. வட்டி அடிமட்டத்தில் இருக்கும்போது உச்ச விலைக்கு வாங்கியவருக்கு அந்த வழி இல்லை. வாங்கிய விலை வாங்கியதுதான்.

செய்தியில் வரும் நாட்டுச் சராசரியைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அந்த நாலைந்து தெருவின் நிலவரம். விளம்பரத்தில் போடும் விலை விற்பவரின் ஆசை. பதிவான விலை வேறு. அதைத் தேடிப் பாருங்கள். விற்பனைக்கு வந்த வீடு எத்தனை நாள் அப்படியே நிற்கிறது, கேட்ட விலையிலிருந்து எவ்வளவு இறங்கி முடிந்தது என்பதைத் தரகர்கள் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சுற்றுவட்டாரத்தில் எத்தனை கட்டடம் பாதியில் நிற்கிறது என்று நடந்தே எண்ணுங்கள். விலை ஏறும்போது எல்லாரும் ஒரே சமயத்தில் அஸ்திவாரம் போடுவார்கள். சில வருஷம் கழித்து எல்லாம் ஒரே சமயத்தில் முடிந்து நிற்கும். அப்போது பேரம் பேச உங்களுக்கு இடம் கிடைக்கும்.

இனி அந்த 45. இருவருக்கும் சம சம்பளம் என்கிறீர்கள். ஒருவருக்கு வேலை போனாலோ, குழந்தை பிறந்து ஒரு வருஷம் வீட்டில் இருக்க நேர்ந்தாலோ, அந்த மாதத்திலிருந்து தவணை மற்றவர் சம்பளத்தில் 90 சதவீதம். வட்டி 8-லிருந்து 10 ஆகி, வங்கி காலத்தை நீட்டாமல் தவணையை ஏற்றினால், 45 என்பது 52 ஆகும். சேமிப்போ துடைத்தாகிவிட்டது. இரண்டில் ஒன்று நடந்தாலே மூச்சு முட்டும். வங்கி தருகிறதே என்கிறீர்களா? அது பார்ப்பது தன் பணம் திரும்புமா என்று. நீங்கள் மாதக் கடைசியில் எப்படி இருப்பீர்கள் என்பது அதன் கவலை இல்லை.

என் கணக்கு இது. தவணை இருவர் சம்பளத்தில் 30-ஐத் தாண்டக் கூடாது; அப்போது ஒருவர் வருமானத்தில் அது 60, கஷ்டம்தான் ஆனால் சில மாதம் தாக்குப்பிடிக்கலாம். பதிவுச் செலவு, தரகு, குடிபோகும் செலவு எல்லாம் போக ஆறு மாதத் தவணை கையில் நிற்க வேண்டும். 45-ஐ 30 ஆக்க கடன் மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும். அதாவது இன்னும் சிறிய வீடு, அல்லது இன்னும் சற்றுத் தள்ளி, அல்லது இன்னும் கொஞ்ச காலம் சேர்ப்பது. கடன் காலத்தை 30 வருஷமாக நீட்டி தவணையைக் குறைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். 1,000-க்கு தவணை 8.36-லிருந்து 7.34 ஆகும், மொத்தமாகக் கட்டுவது 2,007-லிருந்து 2,642 ஆகும். வேண்டாம்.

பத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மூலப்பத்திரம், வில்லங்கம், கட்டட அனுமதி எல்லாவற்றையும் விற்பவரோ தரகரோ காட்டும் வக்கீலிடம் கொடுக்காமல், நீங்கள் கூலி கொடுக்கும் வக்கீலிடம் கொடுங்கள். வங்கி பார்த்துவிட்டது, போதும் என்று விடாதீர்கள்.

வீட்டைப் பார்ப்பதில் ஒன்று சொல்ல வேண்டும், நான் பட்டது. என் முதல் வீட்டை மூன்று முறை போய்ப் பார்த்தேன், மூன்றும் ஞாயிறு காலை பதினொரு மணி. நல்ல வெளிச்சம், நல்ல அமைதி. குடிபோன முதல் வாரமே தெரிந்தது, படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார். விடியற்காலை நாலரைக்குப் போடுவார்கள், கட்டில் அதிரும். விற்றவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை. வேலைநாள் இரவு ஒருமுறை, நல்ல மழைக்கு மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால் அங்கே கையை வைத்துப் பாருங்கள், ஈரம் இருந்தால் தெரியும். மேல்மாடிக் குழாயைத் திறந்துவிட்டு, அதே சமயம் குளியலறைக் குழாயையும் திறந்து, தண்ணீர் வேகம் குறைகிறதா என்று பாருங்கள்.

இந்த வீட்டை, இந்தக் கடனில் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். அப்பாவிடம் வீடு வாங்கத்தான் போகிறோம் என்று சொல்லுங்கள். நண்பனிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஒரு ஒத்திகை பாருங்கள். நீங்கள் எடுக்க நினைத்த கடனின் முழுத் தவணையிலிருந்து இப்போதைய வாடகையைக் கழித்து, வரும் மீதியைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போடுங்கள். பராமரிப்புக்கும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள். ஆறு மாதம் அதில் கை வைக்கக் கூடாது. எந்த மாதம், எதற்காகக் கை வைக்க நேர்ந்தது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஆறாம் மாத முடிவில் அந்தத் தாளோடு மறுபடி எழுதுங்கள். எவ்வளவு கடன் உங்களுக்குத் தாங்கும் என்பதை அதிலிருந்தே சொல்லிவிடலாம்.