கோடையில் பசும்புல்லுக்கு உரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஒரு மூட்டை யூரியா தூவுகிறேன். முதல் ஆண்டு ஆள் உயரத்தைத் தாண்டிய புல், இந்தச் சித்திரையில் இடுப்பளவோடு நின்றுவிட்டது. அடி இலைகளின் நுனியும் ஓரமும் கருகுகின்றன. யூரியாவைக் கூட்டலாமா, கடைக்காரர் சொல்வதுபோல் டி.ஏ.பி. போடலாமா? (நாமக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: இரண்டுமே இப்போதைக்குத் தீர்வல்ல. முதிர்ந்த அடி இலைகள் நுனியிலிருந்து ஓரமாகக் கருகிக்கொண்டு வருவது, பெரும்பாலும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைவதன் அடையாளம். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்திருந்தால் இலை முழுவதும் வெளிறி, நடு நரம்பை ஒட்டி நுனியிலிருந்து மஞ்சளாகும். தங்கள் வயலில் ஓரம் கருகுவதாகக் குறிப்பிட்டிருப்பதால், மூன்று ஆண்டுகளாக யூரியாவை மட்டும் கொடுத்ததன் விளைவாகவே இதைக் கருதுகிறேன்.

மாடு நேரடியாக மேயும் நிலத்தில், அது தின்ற சத்தின் பெரும்பகுதி சாணமாகவும் மூத்திரமாகவும் அதே மண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. அறுத்துக் கொண்டுபோய்த் தொழுவத்தில் போடும் புல்லுக்கு அந்தத் திரும்புதல் இல்லை. கோ-5 ரகம் நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு எக்டருக்கு 360 டன் அளவில் பசுந்தீவனம் தரக்கூடியது. ஏக்கருக்கு 100 டன் அறுத்தாலும்கூட, அதோடு சேர்ந்து சில நூறு கிலோ சாம்பல் சத்து நிலத்தை விட்டு வெளியேறிவிடும். யூரியாவில் தழைச்சத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அது புல்லை வேகமாக வளரத் தூண்டுவதால், மண்ணில் மிச்சமிருக்கும் சாம்பல் சத்தும் அதே வேகத்தில் உறிஞ்சப்பட்டுத் தீர்ந்துவிடுகிறது. முதல் ஆண்டு செழிப்பாக வந்த புல் மூன்றாம் ஆண்டு சோர்ந்துபோவதன் காரணம் பல தோட்டங்களில் இதுதான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தப் புல்லுக்குச் சொல்லும் அளவு, எக்டருக்கு 25 டன் தொழுஉரத்துடன் 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 40 கிலோ சாம்பல் சத்து ஆகும். தழைச்சத்தில் பாதியையும் மற்ற இரண்டை முழுமையாகவும் அடியுரமாக இட்டு, மீதிப் பாதியை நட்ட 30 ஆம் நாள் மேலுரமாகக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு அறுப்புக்கும் எக்டருக்கு 75 கிலோ தழைச்சத்து தேவை; நான்கு அறுப்புக்கு ஒருமுறை அடியுரத்தை மீண்டும் இட வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான்.

இதை ஒரு ஏக்கருக்கு மாற்றிப் பார்ப்போம். அறுப்புக்கு 30 கிலோ தழைச்சத்து என்றால் 65 கிலோ யூரியா. இன்றைய யூரியா மூட்டை 45 கிலோ எடையுள்ளது. இன்னும் அதை 50 கிலோ என்றே எண்ணிக் கணக்கிடுபவர்கள் பலர். தாங்கள் போடும் ஒரு மூட்டையில் கிடைப்பது 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவான தழைச்சத்துதான். எனவே அதிலும் சிறிது பற்றாக்குறை இருக்கிறது, ஆனால் முதல் குறை அதுவல்ல. நான்கு அறுப்புக்கு ஒருமுறை இட வேண்டிய 20 கிலோ மணிச்சத்துக்கு 125 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும், 16 கிலோ சாம்பல் சத்துக்கு 27 கிலோ மியூரேட் ஆப் பொட்டாஷும் வாங்க வேண்டும். டி.ஏ.பி.யில் 18 விழுக்காடு தழைச்சத்தும் 46 விழுக்காடு மணிச்சத்தும் இருக்கின்றன. சாம்பல் சத்து துளியும் இல்லை. 20:20:0:13 என்று மூட்டையில் அச்சிட்டிருக்கும் கலப்பு உரத்தில் மூன்றாவது எண் சுழி என்பதைக் கவனியுங்கள். அதிலும் சாம்பல் சத்து கிடையாது. மணிச்சத்துக்கு நான் சூப்பர் பாஸ்பேட்டையே விரும்புகிறேன். அதனோடு கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல் செலவின்றி வந்துசேர்கின்றன.

தங்கள் நிலத்தில் சாம்பல் சத்து ஏற்கெனவே தீர்ந்துபோயிருப்பதால், இந்த முறை பொட்டாஷை 50 கிலோவாக உயர்த்தி, இரண்டு அறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். சாம்பல் சத்து அளவுக்கு மீறினால் புல் மக்னீசியத்தை எடுத்துக்கொள்வது குறைந்து, அந்தக் குறை கறவை மாட்டின் உடலிலும் தெரியத் தொடங்கும். அடுத்த அடியுரத்துக்கு முன் மண்ணைச் சோதித்துவிடுவது நல்லது. உரமிட்ட உடனே மண் எடுக்காமல், ஓர் அறுப்பு முடிந்த பிறகு, தூர்களுக்கு இடையே ஏழெட்டு இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, கால் பங்கு கால் பங்காகக் கழித்து அரைக் கிலோவாக்கி அனுப்ப வேண்டும். கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் சேர்த்து அனுப்புங்கள். நீர் உப்பாக இருந்தால் உரத் தேர்வே மாறும்.

எவ்வளவு என்பதைவிட, கோடையில் எப்படி இடுகிறோம் என்பதே பெரிதாகிவிடுகிறது. சித்திரை வெயிலில் காய்ந்த மண்மேல் தூவிய யூரியா, காலைப் பனியின் சிறு ஈரத்திலேயே கரைந்து அம்மோனியாவாக மாறி, வெயில் ஏறும்போது காற்றோடு போய்விடுகிறது. சுண்ணாம்புக் கற்கள் கலந்த களர்த் தன்மையுள்ள மண்ணில் இந்த இழப்பு இன்னும் கூடும். வேப்ப எண்ணெய் பூசிய யூரியாதான் இப்போது கிடைக்கிறது என்பதால் இழப்பு இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். வேப்பம்பூச்சு மண்ணுக்குள் நடக்கும் நைட்ரேட் மாற்றத்தைத் தாமதப்படுத்துமே தவிர, மேலே கிடக்கும் உரம் ஆவியாவதைத் தடுக்காது.

ஆகவே அறுத்த இரண்டு மூன்று நாள்களில், வெட்டுவாயில் புதுக் குருத்து ஈட்டி முனைபோல் எட்டிப் பார்க்கும் நேரத்தில், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியால் நான்கு விரல் ஆழத்துக்குக் கீறல் இழுத்து, உரத்தை அதில் இட்டு மூடி, அன்றைக்கே நன்றாகத் தண்ணீர் கட்டுங்கள். மாலையில் செய்வது மேலானது. கையால் வாரித் தூவும்போது குருணைகள் அறுத்த தட்டையின் குழிக்குள்ளும் குருத்தின் மடிப்புக்குள்ளும் விழுந்து தங்கும். மறுநாள் அங்கே தீய்ந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்க்கலாம். மணற்பாங்கான நிலமாக இருந்தால் 65 கிலோவை ஒரே தடவையாகக் கொடுக்காமல், அறுத்தவுடன் பாதியும் பதினைந்து நாள் கழித்துப் பாதியுமாகக் கொடுங்கள். சொட்டுநீர் இருந்தால் வேலை எளிது. யூரியாவைக் கரைத்துக் குழாய் வழியே வாரந்தோறும் சிறுகச் சிறுகச் செலுத்தலாம்.

அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறலாமா என்று அடுத்ததாகக் கேட்கத் தோன்றும். அதில் கந்தகம் இருப்பதால் களர் நிலத்துக்கு ஏற்றதுதான். ஆனால் தழைச்சத்து 20.5 விழுக்காடே என்பதால் ஏறக்குறைய மூன்று மூட்டை தேவைப்படும். சுண்ணாம்பு மண்ணில் அதையும் மூடித்தான் இட வேண்டும். மேலே தூவினால் அதுவும் ஆவியாகும்.

இவ்வளவும் தண்ணீர் இருந்தால்தான். கிணறு வற்றி, வாரம் ஒருமுறைகூடப் பாய்ச்ச இயலாத நிலை என்றால், யூரியாவுக்குச் செலவழிக்காதீர்கள். ஏக்கர் முழுவதற்கும் அரைகுறையாகப் பாய்ச்சுவதைவிட, அரை ஏக்கரைத் தேர்ந்து அதற்கு முழு நீரும் முழு உரமும் கொடுத்து, மற்ற பாதியை மழை வரும்வரை உயிரோடு மட்டும் வைத்திருப்பது அதிகத் தீவனம் தரும். மூன்று ஆண்டான தூர்கள் பெருத்து நடுவில் பட்டுப்போயிருக்கவும் கூடும். மழைக்காலம் தொடங்கும்போது பழைய கிளைப்புகளைப் பிரித்தெடுத்துக் கழித்து, தூருக்கு மண் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களுமாக நான்கு ஏக்கர், பாசனம் இல்லை. கோடையில் புல் தழைக்க என்ன உரம் போடலாம்? (காங்கேயம் பகுதி வாசகர்)

பதில்: வானம் பார்த்த மேய்ச்சல் நிலத்துக்குப் பங்குனி, சித்திரை வெயிலில் எந்த உரமும் போடாதீர்கள். கொழுக்கட்டைப் புல் அந்த மாதங்களில் மேலே காய்ந்து, உயிரை வேர்க்கட்டையில் ஒடுக்கி வைத்திருக்கும். ஈரமில்லாத மண்ணிலிருந்து எந்தச் சத்தையும் அது எடுத்துக்கொள்ளாது.

கோடை மழை ஒரு நல்ல உழவு மழையாகப் பெய்து, மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்து, புல் பச்சை கட்டும்போது ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்து, அதாவது 22 கிலோ யூரியா போதும். அடுத்த மழைக்கு மேகம் திரண்டிருக்கும் நாளாகப் பார்த்துத் தூவுங்கள். அதன் பிறகு மூன்று வாரமாவது அந்தப் பகுதியில் மாடுகளை விடாமல் அடைப்பது உரத்துக்கு இணையான பலனைத் தரும். இளந்தளிரைத் தொடர்ந்து கடிக்கவிட்டால் வேரில் சேமிப்பு தீர்ந்து, புல் இருந்த இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும்.

இங்கே நான் பெரிதும் பரிந்துரைப்பது கிடை போடுவதை. கோடையில் செம்மறிப் பட்டியை இரவில் இடம் மாற்றி மாற்றி அடைத்தால், புழுக்கையும் மூத்திரமும் நிலம் முழுவதும் சீராகப் பரவி, முதல் மழையோடு மண்ணில் இறங்கும். நிலத்தின் ஓரமாக ஒரு பகுதியில் முயல்மசாலை விதைத்துப் பாருங்கள். அது பயறுவகைத் தீவனம் என்பதால் காற்றிலிருந்து தானே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு யூரியா வேண்டியதில்லை, மணிச்சத்துதான் வேண்டும்.

கேள்வி: யூரியா போட்ட எத்தனை நாளில் தீவனத்தை அறுக்கலாம்? பக்கத்துத் தோட்டத்தில் வாடிய சோளப் பயிரை மேய்ந்த பசு ஒன்று சில மணி நேரத்தில் இறந்துவிட்டது. அது உரத்தால் வந்ததா? (திருவண்ணாமலை மாவட்ட வாசகி)

பதில்: இரண்டு வேறு நஞ்சுகள் இங்கே கலந்து பேசப்படுகின்றன. சோளப் பயிர் இளம்பருவத்திலும், நீரின்றி வாடும்போதும், அறுத்த தாளிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்போதும் அதில் சயனைடு நஞ்சு மிகுந்திருக்கும். பூ எடுத்த பிறகு அறுத்துப் போட்டால் அந்த அச்சம் பெரிதும் குறையும். வெயிலில் உலர்த்தினாலும் நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். வாடிய பயிரை மேய்ந்த பசு சில மணி நேரத்தில் இறந்தது என்றால், இந்த நஞ்சின் மீதே முதல் ஐயம் எழும். ஆனாலும் கால்நடை மருத்துவர் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும்.

மற்றது நைட்ரேட். இதுதான் உரத்தோடு நேரடித் தொடர்புடையது. சோளம், கம்பு, மக்காச்சோளம், நேப்பியர் எல்லாவற்றிலும் சேரக்கூடியது. வேர் தழைச்சத்தை உறிஞ்சியும், வறட்சியால் பயிர் அதைப் புரதமாக மாற்ற இயலாமல் நிற்கும்போது, தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட் தேங்குகிறது. நீண்ட வறட்சிக்குப் பின் மழை பெய்த முதல் வாரம் மிகுந்த ஆபத்துள்ளது. சயனைடைப்போல இது உலர்த்துவதால் போகாது; காய்ந்த தட்டையிலும் அப்படியே இருக்கும். பாதிக்கப்பட்ட மாட்டின் இரத்தம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறி, மூச்சு வாங்கி, கால் தள்ளாடும். மருத்துவர் உடனே வந்தால் மெத்திலீன் நீலம் ஊசி போட்டுக் காப்பாற்ற வாய்ப்புண்டு; ஆகவே கை வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

அறுத்தவுடன் உரமிட்டு, ஒழுங்காக நீர் பாய்ச்சி, அடுத்த அறுப்பை 45 நாள் கழித்து எடுக்கும் நேப்பியர் வயலில் இந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாம். வளர்ச்சி குன்றுகிறதே என்று அறுப்புக்குப் பத்து நாள் முன்பாக யூரியா தூவுவதுதான் ஆபத்து. வாடிய பயிரை அறுத்தே ஆக வேண்டிய கட்டாயம் என்றால், அடித்தண்டை ஒரு முழம் விட்டு மேலே அறுங்கள். வைக்கோலை முதலில் தின்னக் கொடுத்து, பசி தணிந்த பிறகு பசுந்தீவனத்தைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். ஊறுகாய்ப் புல்லாக (சைலேஜ்) பதப்படுத்தினால் நைட்ரேட் கணிசமாகக் குறையும். உரமிட்டு நீர் பாய்ச்சும் நாளில் வாய்க்கால் தண்ணீரை ஆடு மாடுகள் குடிக்காமலும், காலி யூரியாச் சாக்கை நக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மாட்டுத் தொழுவத்தைக் கழுவும் தண்ணீரை நேரே புல்லுக்கு விடலாமா? (ஈரோடு மாவட்ட வாசகர்)

பதில்: தாராளமாக விடலாம். மாடு வெளியேற்றும் சாம்பல் சத்தின் பெரும்பகுதி மூத்திரத்தில்தான் இருக்கிறது. அதைச் சாக்கடையில் விட்டுவிட்டுக் கடையில் பொட்டாஷ் வாங்குவது வீண் செலவு. கழுவிய நீரை ஒரு தொட்டியில் தேக்கி, சாணம் அடியில் படிந்த பிறகு மேல்நீரைப் பாசன நீரோடு கலந்து அனுப்புங்கள். ஒரே பாத்திக்குத் தினமும் விடாமல், வாய்க்கால் மடையை மாற்றிச் சுழற்சியாக எல்லாப் பாத்திகளுக்கும் கொண்டுசெல்ல வேண்டும். இல்லாவிட்டால் தொழுவத்தை ஒட்டிய பாத்தியில் மட்டும் புல் கரும்பச்சையாகித் தரையில் சாயும். தொட்டியில் சோடா, பினாயில் போன்றவை சேரும் நாளில் அந்த நீரைப் புல்லுக்கு விட வேண்டாம்.