ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பயம் மட்டும் போகவில்லை

கேள்வி: எனக்கு வயது 38. ஒரு வருடமாக எதற்கெடுத்தாலும் கவலை. கணவர் வீடு திரும்பப் பத்து நிமிடம் தாமதமானால் நாலு முறை போன் செய்துவிடுகிறேன். கழுத்து இறுகிக்கொள்கிறது, தூக்கம் இல்லை. ஈசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். இது நோயா, என் சுபாவமா? மாத்திரை போட்டால் அதற்கே பழகிவிடுவேனா?

பதில்: நீங்கள் சொல்வது பொதுவான பதற்றக் கோளாறு போலத் தெரிகிறது, நேரில் பேசித்தான் உறுதிசெய்ய முடியும். குடும்பம், வேலை, உடம்பு, பணம் என்று கவலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அடக்கினாலும் அடங்காது. 6 மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள் இப்படியே போய், தூக்கமும் அன்றாட வேலையும் கெட்டால் அதைச் சுபாவம் என்று விட்டுவிடக் கூடாது. தைராய்டு பார்த்தது நல்லது. அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும்.

என் கண்ணில் பட்டது அந்த நாலு போன்தான். அவர் "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றதும் 'அப்பாடா' என்றிருக்கும். சிக்கலே அந்த நிம்மதியில்தான். போன் செய்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்ளும். அடுத்த முறை ஐந்து நிமிடத் தாமதமே போதும். நார்மல் என்று வந்த பிறகும் மறுபடி ஈசிஜி எடுக்கத் தோன்றுவதும் இதே கதைதான். சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையில் இதைத்தான் மெல்ல மெல்ல மாற்றுவார்கள். இப்போதைக்கு முதல் போனைக் கால் மணி நேரம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். படபடப்பு ஏறும், அப்புறம் தானாகவே இறங்கும். அது இறங்குவதை நீங்களே பார்க்க வேண்டும். கணவரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "யோசிக்காதே" என்று அவர் அதட்டுவதால் பயனில்லை.

சரி, மாத்திரைக்கு வருவோம். பதற்றத்துக்கு வழக்கமாகத் தரும் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை போதைப் பழக்கம் ஆகாது. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் ஓரிரு வாரம் குமட்டலும் படபடப்பும் கூடலாம். பலர் அங்கேதான் "ஒத்துக்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்தவும் கூடாது, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். பழகிவிடுமோ என்ற உங்கள் பயம் உடனே அமைதிப்படுத்தித் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். தூக்கம் வரவில்லை என்று நீங்களாக அவற்றை வாங்கிப் போட வேண்டாம்.

காபி, டீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே போக வேண்டும், தனியாகப் போகாதீர்கள்.