நோ டியூஸ்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களை ஆறேழு வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் கௌரவ விரிவுரையாளர். போன மாதம் எங்கள் துறையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்தி விடுதியில் தற்கொலை செய்துகொண்டாள். அவள் வகுப்புக்கு நான் ஒரு தாள் நடத்தினேன். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் பத்தரைக்குத் துறையில் இரண்டு நிமிட மௌனம். பத்து முப்பத்தைந்துக்குப் பாடம் தொடங்கிவிட்டது, மணி பார்த்தேன். "சொந்தக் காரணங்களால்" என்று ஒரு சர்குலர் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் அவள் படத்தைச் சோகப் பாட்டோடு ஸ்டேட்டஸ் வைத்தார்கள். மூன்றாம் நாள் எல்லாம் அடங்கிவிட்டது. அவளோடு ஒரே அறையில் இருந்த பெண், ஊருக்குப் போனவள், இன்டர்னல் இருக்கிறது என்று ஐந்தாம் நாளே திரும்பி வந்து தேர்வு எழுதினாள்.

இப்போது முப்பதாம் நாளுக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைக்க வேண்டும் என்கிறார்கள் மாணவர்கள். இதைப் பெரிதாக்கினால் இன்னும் நாலு பேருக்கு அந்த எண்ணம் வரும் என்று நிர்வாகம் அனுமதி மறுத்துவிட்டது. துறைத்தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க போகாதீங்கம்மா, ஜூன்ல உங்களுக்கு ரினியூவல் இருக்கு" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. கூட்டம் போட்டால் மற்ற பிள்ளைகளைப் பாதிக்கும் என்பது உண்மையா? ஒரு மாணவர் இப்படிப் போய்விட்டால் பல்கலைக்கழகம் என்னதான் செய்ய வேண்டும்?

பெயர் வேண்டாம் அண்ணா.

*

அன்புள்ள தங்கைக்கு,

ஊரையும் துறையையும் எடுத்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தைப் போட்டிருக்கிறேன்.

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்கள் நிர்வாகம் சொல்வது முழுப் பொய் இல்லை. ஒரு தற்கொலை, அதிலும் ஒரே விடுதியில் ஒரே வயதுப் பிள்ளைகள் நடுவில், ஏற்கெனவே மனம் தளர்ந்திருக்கும் இன்னொருவரை அந்தப் பக்கம் இழுக்கக்கூடும். மனநல மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருவது இது. ஆனால் எது இழுக்கிறது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். எப்படிச் செய்துகொண்டார் என்ற விவரம், கடைசிக் கடிதத்தை வரிவரியாகப் பரப்புவது, வேறு வழியே இருக்கவில்லை, தைரியமாக முடிவெடுத்துவிட்டாள் என்பது போன்ற பேச்சு, படத்துக்கு மாலையும் பின்னணி இசையும். இதில் கடைசியாகச் சொன்னது உங்கள் வளாகத்தில் ஸ்டேட்டஸ்களில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. நடக்காதது ஒன்றுதான், பெரியவர்கள் யாராவது நடுவில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவது. அதைத்தான் தடுக்கிறார்கள். அரங்கத்தில் பேச விடாவிட்டால் பேச்சு மாடிப்படிக்குப் போகும், இறந்தது பெண் என்றால் மாடிப்படிப் பேச்சு எந்தத் திசையில் போகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்நேரம் "லவ் மேட்டராம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஆகவே கூட்டம் நடக்கட்டும், சின்னதாக. விதம் பற்றிப் பேசக்கூடாது, கடிதம் ஏதாவது இருந்தால் வாசிக்கக்கூடாது, காரணத்தை ஒற்றைச் சொல்லில் தீர்ப்பாகச் சொல்லக்கூடாது, ஏனென்றால் அது அநேகமாக ஒற்றைக் காரணமாக இருக்காது. தூக்கம் வராமல் கிடப்பவர்கள் அழைக்க 14416 என்ற, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணும், தமிழக அரசின் 104ம் இருக்கின்றன, இரண்டிலும் தமிழில் பேசலாம். சென்னையில் சிநேகா அமைப்பு 1986 முதல் தற்கொலையைத் தடுக்கும் இந்த வேலையைச் செய்கிறது. அந்த எண்களை எழுதிப் பலகையில் ஒட்டுங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒரு கதை சொல்ல வேண்டும், இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

நான் படித்த கல்லூரியில், முப்பது வருடத்துக்கு மேலாகிறது, எங்கள் விடுதியில் இரண்டு அறை தள்ளி இருந்த ஒருவன் செத்துப்போனான். பையனின் பெயரையும் கல்லூரியையும் சொல்லப்போவதில்லை. அன்றைக்கும் மௌன அஞ்சலி, ஒருநாள் விடுமுறை, அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து அவன் அப்பா வந்தார், தோளில் துண்டும் கையில் ஒரு மஞ்சள் பையுமாக. எதற்கு வந்திருக்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. மகனின் பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்கள் கல்லூரியில் இருந்தன, அதை வாங்க வந்திருக்கிறார். எதற்கு வேண்டும் என்று யாரோ கேட்டதற்கு, "அவங்கம்மா வேணுங்குது" என்றார். அலுவலகத்தில் வழக்கம்போல ஒரு நோ டியூஸ் ஃபாரத்தை, பாக்கி எதுவும் இல்லை என்று எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டிய தாளை, கையில் கொடுத்துவிட்டார்கள். நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் துறை, மெஸ், வார்டன், மொத்தம் எட்டோ ஒன்பதோ கையெழுத்து. அந்த மனிதர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போனார். மெஸ் பாக்கியைக் கட்டினார், பையிலேயே பணம் வைத்திருந்தார். நூலகத்தில் ஒரு புத்தகம் திரும்பவில்லை என்றார்கள். அது என் அறையில் இருந்தது, அவனிடம் இரவல் வாங்கியிருந்தேன். ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன், தாமதக் கட்டணம் எவ்வளவு என்று குமாஸ்தா கணக்குப் போட்டார், போட்டுவிட்டுச் சரி போங்க என்று விட்டுவிட்டார். கெட்டவர் இல்லை அவர். யாருமே கெட்டவர்கள் இல்லை. பிள்ளை செத்தால் அந்த ஃபாரம் வேண்டாம் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். மத்தியானத்துக்குமேல் மெஸ்ஸில் பரிமாறும் ஒரு அண்ணன் அவர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு, நீங்க உட்காருங்க என்று சொல்லி, மீதிக் கையெழுத்துகளை அவரே அலைந்து வாங்கிவந்தார். நாங்கள் இருபது பேர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அதனால் இப்படி ஒரு சாவு என்று கேள்விப்பட்டால் எனக்கு முதலில் தாள்கள்தான் கண்ணில் வரும். என்ன விதி, யார் கையெழுத்து, எந்த நோட்டீஸ், எத்தனை மாதப் பணம்.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2016 ஜனவரி 17 அன்று, அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இருந்த ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா தற்கொலை செய்துகொண்டு இறந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு எட்டு வருடம் முன்பு, 2008 பிப்ரவரியில், அதே வளாகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவர் செந்தில்குமார் இறந்தது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்துக்காரர், பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து முனைவர் பட்டம்வரை வந்தவர். அவருக்கு ஆய்வு வழிகாட்டியே ஒதுக்கப்படவில்லை. ஒரு தாளில் தேறாததால் ஃபெல்லோஷிப், அதாவது ஆய்வு உதவித்தொகை, கையைவிட்டுப் போகும் நிலை. அப்போதும் மாணவர்கள் போராடினார்கள், பேராசிரியர் வினோத் பவராலா தலைமையில் ஒரு குழு போட்டார்கள், அந்தக் குழுவும் இயற்பியல் துறையின் நடைமுறைகள் தெளிவில்லாமலும் சீரில்லாமலும் இருந்தன, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் அவை தங்களுக்கு எதிராக இருப்பதாக உணர்ந்தார்கள் என்று எழுதிவைத்தது. எழுதிவைத்ததோடு சரி. 2013 இல் அங்கேயே மதாரி வெங்கடேஷ் என்ற ஆய்வு மாணவர் இறந்தபோதும் நெடுநாள் வழிகாட்டி கிடைக்காத கதைதான் வெளியே வந்தது.

அப்புறம் ரோஹித். அவர் கடைசிக் கடிதத்திலிருந்து நட்சத்திரங்களைப் பற்றிய வரிகளைத்தான் எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள், நானும் அந்த வாரம் ஆவேசத்தில் போட்டேன், இன்று போட மாட்டேன். அழகான கடிதம் என்று பாராட்டிப் பகிர்வது இன்னொரு பிள்ளைக்கு என்ன சொல்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை. ஆனால் அதில் யாரும் போஸ்டர் அடிக்காத ஒரு விஷயம் இருக்கிறது, கணக்கு. ஏழு மாத ஃபெல்லோஷிப் வர வேண்டும், ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம், அதை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். மாதம் 25,000 வீதம் ஏழு மாதம். ஒரு நண்பருக்குத் தர வேண்டிய கடனையும் குறிப்பிடுகிறார். ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவருக்கு ஏழு மாதம் பணம் தராமல் இருந்திருக்கிறது, அது ஒரு மேஜையில் ஒரு ஃபைலாக இருந்திருக்கிறது.

அந்த வளாகத்தின் மற்றவர்கள் செய்தது என்ன என்பதும் முக்கியம். தண்டனையாக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட, ரோஹித் உட்பட ஐந்து மாணவர்களும் திறந்தவெளியில் அம்பேத்கர், பூலே படங்கள் போட்ட ஃபிளக்ஸ்களைக் கட்டி ஒரு கூடாரம் போட்டுப் படுத்திருந்தார்கள், அதற்கு வெலிவாடா என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரி என்று பொருள். ரோஹித் இறந்தபின் அந்த இடம்தான் வளாகத்தின் நடுவாக மாறியது. தலித் பேராசிரியர்கள் பலர் தங்கள் நிர்வாகப் பொறுப்புகளை விட்டு விலகினார்கள். ஜூன் ரினியூவல் பற்றி எழுதியிருந்தீர்களே, அதனால் சொல்கிறேன், விலக ஒரு பொறுப்பாவது கையில் இருந்தவர்கள் அவர்கள். மீதி நான்கு பேரின் தண்டனை சில நாளில் ரத்தானது. விடுப்பில் போன துணைவேந்தர் மார்ச் 22 அன்று திரும்பி வந்தபோது கலவரம், தடியடி, இரண்டு ஆசிரியர்கள் உட்பட 27 பேர் கைது. மெஸ் மூடிக்கிடந்த நாட்களில் பிள்ளைகள் வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். எனக்கு அந்தப் போராட்டத்தின் எல்லாக் கோஷங்களையும்விட அந்தச் சோறு பெரிதாகத் தெரிகிறது.

அரசுத் தரப்பு அப்போது என்ன தாளைத் தேடியது தெரியுமா? இறந்தவரின் சாதிச் சான்றிதழை. மத்திய அரசு அமைத்த ரூபன்வால் விசாரணை ஆணையம் அவர் பட்டியல் சாதியே இல்லை என்றது, தெலங்கானா போலீஸ் வழக்கை முடிக்கக் கொடுத்து 2024 மே மாதம் வெளியே வந்த அறிக்கையும் அதையே சொன்னது, எதிர்ப்பு வந்ததும் மேல்விசாரணை என்றார்கள். செத்த பிறகும் ஒரு நோ டியூஸ்.

சரி, உங்கள் வளாகத்துக்கு வருகிறேன். இப்போது நிர்வாகங்கள் உடனே சொல்வது கவுன்சலர் போடுகிறோம் என்பது. போடட்டும், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் ஃபெல்லோஷிப் வராத பையனைக் கவுன்சலரிடம் அனுப்பினால் அவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார், பணம் வராது. நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பிளஸ் டூவில் தவறினால் ஒரு வருடம் வீட்டில் கிட என்றிருந்ததை மாற்றி, அதே வருடம் மறுபடி எழுதுகிற துணைத்தேர்வு கொண்டுவந்தார்கள். சிநேகாக்காரர்கள் அதற்காக அரசிடம் வாதாடினார்கள். அதன்பின் தேர்வில் தோற்று உயிரை விடும் பிள்ளைகள் குறைந்தார்கள். எந்தப் பிள்ளையின் மனதையும் யாரும் மாற்றவில்லை, ஒரு தேதியை மாற்றினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வருகைப்பதிவு குறைவா, கட்டணம் பாக்கியா, அரியர் விஷயத்தில் யாராவது அலையவிட்டார்களா, விடுதியில் அவள் கொடுத்த விடுப்புக் கடிதம் எங்காவது கிடக்கிறதா, எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், எல்லாச் சாவுக்கும் நிறுவனம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, அது இன்னொரு வகை சோம்பேறித்தனம். ஆனால் "சொந்தக் காரணங்கள்" என்று சர்குலர் அடித்தவர்கள் இந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு அடித்தார்களா என்று கேட்கலாம். துறைக்கூட்டத்தில் கேட்கலாம், எழுத்தில் கேட்கலாம், நிரந்தரப் பணியில் இருக்கும் ஒருவரை முன்னால் நிறுத்திக் கேட்கலாம். நீங்கள் தனியாகப் போய் மோத வேண்டாம். அவள் வீட்டார் சான்றிதழ் வாங்க வருவார்கள், அல்லது ஏற்கெனவே வந்து அலைந்துவிட்டுப் போயிருப்பார்கள். கட்டிய பணத்தில் திரும்ப வர வேண்டியது எவ்வளவு, யார் போன் செய்தார்கள், அவளுடைய பெட்டியை யார் கட்டிக் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். இதற்கெல்லாம் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கூட்டத்துக்குப் போவதா என்பதை நான் சொல்ல மாட்டேன். சம்பளம் போனால் நான் வந்து கொடுக்கப் போவதில்லை. போனால் கடைசி வரிசையில் உட்காருங்கள், பேச வேண்டாம். உங்களைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் போதும்.

கடிதத்தில் இரண்டு வரியில் கடந்துபோன ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அறைத்தோழி. ஐந்தாம் நாள் வந்து இன்டர்னல் எழுதியிருக்கிறாள். எந்த அறையில் தங்கவைத்தார்கள் அவளை? பழைய அறையிலேயா? ராத்திரி யாராவது கூட இருக்கிறார்களா? செமஸ்டரைத் தள்ளி எழுதலாம் என்று அவளிடம் யாராவது சொன்னார்களா, அப்படி ஒரு விதியாவது இருக்கிறதா உங்கள் பல்கலைக்கழகத்தில்? இதை நாளைக்கே பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், இங்கே போட மாட்டேன்.