பேக்ஸ்டேஜ் பாஸுக்கு இருபதாயிரம் கட்டிவிட்டேன், மீதியைக் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. அடுத்த வருடம் ஏ/எல் எடுக்கிறாள். சின்ன வயதிலிருந்தே ஒரு வெளிநாட்டு ரொக் இசைக்குழு என்றால் அவளுக்கு உயிர். அந்தக் குழு அடுத்த மாதம் கொழும்புக்கு வருகிறது. டிக்கெட் வாங்கிவிட்டோம். டியூஷன் சிநேகிதி மூலம் அறிமுகமான ஒரு தம்பி, நிகழ்ச்சி முடிந்ததும் மகளை பேக்ஸ்டேஜுக்குக் கூட்டிப்போய் குழுவினரோடு படம் எடுக்க வைப்பதாகச் சொல்கிறார். 40,000 ரூபாய். பாதியை அவருடைய வங்கிக் கணக்குக்குப் போட்டுவிட்டேன். கழுத்தில் மாட்டும் பாஸின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், ‘ஓல் அக்சஸ்’ என்று இருக்கிறது. மீதியைக் கட்டலாமா? இவர் இல்லாமல் சந்திக்க வழி உண்டா?
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கட்டாதீர்கள். வாசிப்பதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வங்கிக்கு ஒரு கோல் எடுத்து, அனுப்பிய காசை மறிக்க முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கணக்கில் காசு இன்னும் கிடந்தால் ஏதாவது நடக்கலாம். நாளைக்குக் கேட்டால் நடக்காது. கேட்டுவிட்டு வாருங்கள், மற்றதைக் கதைக்கலாம்.

கொழும்பு மேடைகளில் இருபத்திரண்டு வருடமாக மேடை முகாமையாளராக நிற்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்தத் தம்பியைக் காட்டிக்கொடுப்பது ‘முடிந்ததும்’ என்ற சொல். வெளிநாட்டுக் குழுக்கள் ரசிகர்களைச் சந்திப்பது பெரும்பாலும் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பு. பின்னேரம் ஒலிப் பரிசோதனை முடியும், குழு சாப்பிடும், அப்புறம் பட்டியலில் பெயர் உள்ளவர்களை வரிசையாக விடுவார்கள். ஒருவருக்கு அரை நிமிடம் கிடைத்தால் பெரிது. படம் எடுப்பது அவர்களுடைய ஆள். கைபேசியை வெளியே எடுக்கவே விடமாட்டார்கள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் நடப்பது வேறு. கிற்றார் தந்தி அதிர்ந்து ஓய்வதற்குள் பாடகர் தோளில் துவாயோடு பின்படியால் இறங்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வானில் ஏறிவிடுவார். சனம் ‘வன்ஸ் மோர்’ என்று கத்திக்கொண்டிருக்கும்போது வான் பொரளையைத் தாண்டியிருக்கும். 2013 இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. பின்னால் மிச்சமிருப்பது நாங்கள்தான்: கேபிள் சுற்றும் பெடியன்கள், ஜெனரேட்டர், காய்ந்துபோன சோற்றுப் பார்சல். உங்கள் மகள் எங்களோடு படம் எடுக்கவா நாற்பதாயிரம்?

அடுத்தது அந்த அட்டை. கழுத்தில் தொங்கும் லமினேட் அட்டை, பயணம் முழுக்கக் குழுவோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு உரியது. வாத்தியம் பார்ப்பவர், ஒலி பார்ப்பவர், பயண முகாமையாளர், இப்படி. விருந்தினருக்குக் கொடுப்பது சட்டையில் ஒட்டும் ஒரு துணி ஸ்டிக்கர். அன்றைய திகதியை மார்க்கர் பேனையால் அன்றைக்கே எழுதி, வாசலில் பெயரைச் சரிபார்த்து, அவர்களே ஒட்டிவிடுவார்கள். ஆகவே ஒரு மாதத்துக்கு முன்பே விருந்தினர் பாஸைக் கையில் வைத்திருப்பவர் என்று ஒருவர் உலகத்தில் இல்லை. அவர் அனுப்பிய படம் இணையத்தில் எடுத்தது, அல்லது புறக்கோட்டையில் அச்சடித்தது.

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். டிக்கெட் என்பது விற்கும் பொருள். அதற்குக் களியாட்ட வரி உண்டு, அச்சடித்த டிக்கெட்டுகளை மாநகர சபைக்குக் கட்டுக்கட்டாகத் தூக்கிப்போய் முத்திரை குத்தி வாங்கியே எங்களுக்கு அரை நாள் போகும். விருந்தினர் பாஸுக்கு விலையே கிடையாது. குழுவே தன் தளத்தில் விற்கும் சந்திப்பு வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். விலை சொல்லிக்கொண்டு வருகிறவர் கள்ளர். ‘எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் உள்ளே போனார்’ என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ரக்பி மைதானத்தில் நடந்த நிகழ்ச்சி. இரவு ஒன்பது மணி இருக்கும். மேடைக்குப் பின்னாலுள்ள வேலி வாசலில் நான்கு பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று பாதுகாப்புப் பெடியன் வோக்கி டோக்கியில் கூப்பிட்டான். போய் டோர்ச் அடித்துப் பார்த்தேன். நாலு கழுத்திலும் ஒரே மாதிரி அட்டை. நாலிலும் 0047 என்ற ஒரே இலக்கம். அட்டை தொங்கிய நாடாவில் ஏதோ ஒரு காப்புறுதிக் கொம்பனியின் பெயர், அதற்கு மேல் கறுப்புப் பேனையால் கிறுக்கி மறைத்திருந்தார்கள். ஆளுக்கு இருபத்தையாயிரமாம். அது பெரிய கொடுமை இல்லை. ‘பேக்ஸ்டேஜ் போகிறவர்களுக்கு டிக்கெட் தேவையில்லை, கொண்டுபோனால் பிரச்சினை வரும், என்னிடம் தாருங்கள்’ என்று சொல்லி அவர்களுடைய உண்மையான டிக்கெட்டுகளையும் அந்த ஆள் வாங்கி, வாசலில் இரட்டை விலைக்கு விற்றுவிட்டுப் போய்விட்டான். பிள்ளைகள் உள்ளேயும் போக முடியாமல், வீட்டுக்குச் சொல்லவும் முடியாமல், வேலிக்கு வெளியே நின்று முழு நிகழ்ச்சியையும் காதால் கேட்டார்கள். அவர்களை உள்ளே விட எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. அதில் ஒரு பிள்ளை அழாமல் ஒவ்வொரு பாட்டையும் கூடவே முணுமுணுத்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு இன்றைக்கும் தொண்டைக்குள் நிற்கிறது.

ஆகவே டிக்கெட்டை அந்தத் தம்பியிடம் கொடுக்காதீர்கள். அதிலுள்ள கியூஆர் கட்டத்தைப் படம் எடுத்து அனுப்பினாலும் கொடுத்தது போலத்தான். ஸ்கேன் இயந்திரம் முதலில் வருகிறவரைத்தான் உள்ளே விடும். மகள் டிக்கெட்டைப் படம் பிடித்து இன்ஸ்டகிராமில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.

‘மகளை மட்டும் அனுப்புங்கள், உங்களுக்குப் பாஸ் இல்லை’ என்றோ, ‘மைதானத்தில் முடியவில்லை, ஹோட்டலுக்கு வரச்சொல்லுங்கள்’ என்றோ அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இது காசுப் பிரச்சினை இல்லை. உடனே பொலிஸுக்குப் போங்கள். உண்மையான ஏற்பாட்டில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தாயோ தகப்பனோ இல்லாமல் வாசல்படி தாண்டவே விடமாட்டார்கள்.

‘ஏன் இவ்வளவு கெடுபிடி, பிள்ளை ஒரு படம்தானே கேட்கிறாள்’ என்று நினைப்பீர்கள். 2015 டிசம்பரில் என்ரிக்கே இக்லேசியஸ் கொழும்பில் பாடியபோது ரசிகைகள் சிலர் மேடையில் ஏறிய கதை ஞாபகம் இருக்கும். அதற்காக ஏற்பாட்டாளர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்று நாட்டின் அன்றைய ஜனாதிபதியே சொன்னார். ரசிகைகளை அடிக்கச் சொல்லவில்லை, எங்களைப் போன்றவர்களை! 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சிக்குத் தடுப்பைத் தள்ளிக்கொண்டு சனம் உள்ளே வந்ததையும் எல்லாரும் பார்த்தோம். இதற்குப் பிறகு முகம் தெரியாத ஒருவரை மேடைப் பக்கம் விட எந்த ஏற்பாட்டாளருக்கு மனம் வரும்?

சரி, நேர்வழி. குழுவின் சொந்த இணையத்தளத்துக்குப் போய்ப் பயண அட்டவணையில் கொழும்புத் திகதியைப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் விஐபி, மீட் அண்ட் கிறீட் என்று ஏதாவது இருந்தால் அங்கேயே வாங்கலாம், இல்லாவிட்டால் கொழும்பில் அப்படி ஒன்று கிடையாது, அவ்வளவுதான். ரசிகர் மன்றத்தில் சேரலாம். சில பெரிய குழுக்கள் உறுப்பினர்களுக்குள் குலுக்கல் வைக்கும். அயன் மெய்டன் ரசிகர் மன்றத்தில் குலுக்கலில் வென்றவர்களை மற்றவர்களுக்கு முன்பே உள்ளே விட்டு, முன் தடுப்போடு நிற்க வைப்பார்கள். சந்திப்பு இல்லை என்றாலும் அது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது வழி அனுசரணையாளர்கள். வங்கி, தொலைபேசிக் கொம்பனி, குளிர்பானக் கொம்பனி என்று யாராவது காசு போட்டிருப்பார்கள், பதிலுக்கு அவர்களுக்குச் சில இடங்கள் கிடைக்கும். அதில் பாதி முகாமையாளர்களின் பிள்ளைகளுக்குப் போகும், அதை விடுங்கள். மிச்சத்துக்குப் போட்டி வைப்பார்கள். இது காசு வாங்காமல் கிடைக்கும் பாஸ், உங்கள் மகளுக்கு ஓரளவாவது வாய்ப்புள்ளதும் இதுதான். ஆனால் இதிலும் நம் பிள்ளைகள் வாசலில் சிக்குப்படுவார்கள், எப்படி என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

வாசலில் இருக்கும் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும், குடும்பப் பெயர் ஒழுங்கில் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? மகளின் பெயர் கவிதா, தகப்பன் பெயர் சிவராசா என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் சிவராசா கவிதா. போட்டிப் படிவத்தில் அவள் எஸ். கவிதா என்று போட்டிருப்பாள். பட்டியல் தட்டச்சு செய்த பிள்ளை கவிதாவைக் குடும்பப் பெயராக்கியிருக்கும், அல்லது சிவராசாவை. வாசலில் நிற்கும் வெள்ளைக்காரர் கே வரிசையில் தேடுவார், இல்லை என்பார். எஸ் வரிசையிலும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, பதற்றத்தில் இவளுக்கும் வாய் வராது. சிவராசாவை ஒரு இடத்தில் எஸ்ஐ என்றும் இன்னொரு இடத்தில் எஸ்எச்ஐ என்றும் எழுதியிருந்தால் இன்னும் மோசம். இப்படிப் பெயர் பட்டியலில் இருந்தும் திரும்பிப்போன ஒரு பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன். பெயர் மூன்று வரி கீழே இருந்தது.

அதனால் எந்தப் படிவத்திலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்தை அப்படியே போடுங்கள், வாசலுக்கும் கடவுச்சீட்டையே கொண்டுபோங்கள். பழைய அடையாள அட்டையில் ஆங்கிலமே கிடையாது, அதை நீட்டினால் அந்த மனிதர் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். 2017 இலிருந்து கொடுக்கும் புதிய அட்டையில் மூன்று மொழியும் உண்டு, அது இருந்தால் சமாளிக்கலாம். உங்கள் பெயரும் துணைக்கு வருபவராகப் பட்டியலில் இருக்கிறதா என்று இரண்டு நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்டு, பதிலைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ‘அம்மாதானே, விடுவார்கள்’ என்று போகாதீர்கள்.

இனி உங்கள் இருபதாயிரம். ஏமாற்றிக் காசு பறிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின் கீழ் குற்றம். வங்கிச் சிட்டை, வட்ஸ்அப் உரையாடல், அந்தப் பாஸ் படம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அதை எழுதத் தெரிந்தவர் அன்றைக்கு லீவில் இருப்பார், அது வேறு கதை. சிங்களத்தில் எழுதியதை வாசித்துக் காட்டி மொழிபெயர்க்கும் வரை கையெழுத்து வைக்காதீர்கள். ‘சின்னத் தொகைதானே, மத்தியஸ்த சபைக்குப் போங்கள்’ என்று யாராவது சொல்லக்கூடும். அங்கே எதிராளியின் விலாசம் கேட்பார்கள். விலாசம் தெரிந்தால் நான் ஏன் ஐயா உங்களிடம் வருகிறேன் என்று கேட்க வேண்டும் போலிருக்கும். கேட்காதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். அந்த இலக்கம் இருந்தால்தான் வங்கியும் அசையும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். ஏற்பாட்டாளரே விற்ற டிக்கெட்டில் பிரச்சினை என்றால் அது சரி, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். டியூஷன் வாசலில் சந்தித்த தம்பிக்கு அது உதவாது.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். நம் ஊர் ரொக் குழுக்களைச் சந்திக்க யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. ஸ்டிக்மாட்டா போன்றவர்கள் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து இதே கொழும்பில் வாசிக்கிறார்கள். முடிந்த பிறகு மேடை ஓரத்தில் நின்றால், வாத்தியத்தைத் தாங்களே கழற்றிக்கொண்டிருக்கும் ஆட்களோடு சும்மா கதைக்கலாம்.

வருகிற மாதம் சந்திப்பு கிடைக்காவிட்டால், விளக்குப் போட்டதும் கூட்டத்தோடு வெளியே ஓடாமல் முன் தடுப்போடு பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாத்தியக்காரரின் காலடியிலும் அன்றைய பாட்டு வரிசை அச்சடித்த தாள் ஒட்டியிருக்கும். மேடையைக் கழற்ற ஏறும் பெடியனிடம் ‘அண்ணா, அந்தத் தாளைத் தருவீர்களா’ என்று மரியாதையாகக் கேட்டால் அநேகமாகத் தருவான், குப்பைக்குத்தானே போகிறது. கறுப்புத் துணி நாடாவோடு வரும். வீட்டுக்கு வந்து நாடாவை உரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், பாடகரின் கையெழுத்தில் ஏதாவது குறித்திருந்தால் அதுவும் சேர்ந்து கிழிந்துவிடும்.