கம்பியை எப்போது அழுத்துவது? பிரெஞ்ச் பிரஸ் காபி: வாசகர் கேள்விகள்

மகன் ஊரிலிருந்து வரும்போது பிரெஞ்ச் பிரஸ் (கண்ணாடிக் குடுவையில் பொடியை ஊறவைத்து, அடியில் வலை மாட்டிய கம்பியை இறக்கி வடிகட்டும் காபிக் கருவி) வாங்கி வந்தான். வீட்டில் இருக்கும் ஃபில்டர் காபிப் பொடியைப் போட்டால் கம்பி பாதியிலேயே நின்றுவிடுகிறது. பலமாக அழுத்தினால் குடுவையின் மூக்கு வழியாகச் சூடான காபி பீய்ச்சியடிக்கிறது. டம்ளர் அடியில் சேறு போல் வண்டல் வேறு. கருவி சரியில்லையா?
– திருச்சி வாசகி

கருவியில் குறையில்லை, பொடிதான் ஒத்துவரவில்லை. நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டருக்கு அரைக்கும் பொடி நைசானது. அங்கே பொடி அசையாமல் படிந்திருக்கும், தண்ணீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். பிரஸ்ஸில் பொடி தண்ணீரோடு கலந்து ஊறுகிறது. அதன் மேல் வலையை இறக்கும்போது நைசுப் பொடி வலைக்கண்களை அடைத்துக்கொள்கிறது. அடியில் மாட்டிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாததால் ஓரத்தில் பீய்ச்சுகிறது. வெந்து போகும், கவனம். கம்பி இறுகினால் ஒருபோதும் உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்தாதீர்கள். ஒரு விரற்கடை மேலே தூக்கி, சில நொடி விட்டு, மெதுவாக இறக்குங்கள். அப்போதும் இறங்காவிட்டால் மூடியை எடுத்துவிட்டு டீ வடிகட்டியில் வடித்துக்கொள்வதுதான் பத்திரம்.

அடுத்தது சிக்கரி. ஊறியதும் மெத்தென்று ஆகி வலையில் அப்பிக்கொள்ளும், வண்டலையும் கூட்டும். காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இங்குள்ள விதி. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். எவ்வளவு என்பது பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், பாருங்கள். கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையில், “சிக்கரி வேண்டாம், பிளான்டேஷன் ஏ அல்லது பீபெரி, கொரகொரப்பாக” என்று கேளுங்கள் (இரண்டும் காபிக் கொட்டையின் ரகங்கள்). பம்பாய் ரவையைவிடச் சற்றுப் பெரியதாக, சம்பா ரவையைவிடச் சிறியதாக இருந்தால் சரி.

எவ்வளவு பொடி, எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– கோவை வாசகர்

ஒரு லிட்டருக்கு 60 கிராம் என்று தொடங்குங்கள். அரை லிட்டருக்கு 30 கிராம். சமையலறைத் தராசு இல்லையென்றால் மேசைக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி.

முதலில் கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். பொடியைப் போட்டு, கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆன தண்ணீரை எல்லாப் பொடியும் நனையும்படி ஊற்றுங்கள். மேலே இரண்டு விரற்கடை இடம் இருக்கட்டும். புதிதாக வறுத்த கொட்டை என்றால் நுரையோடு பொங்கி எழும். நுரையே வராவிட்டால் பொடி பழசு. கம்பியை உயர்த்தியபடியே மூடியை வைத்து நான்கு நிமிடம் விடுங்கள். திறந்தால் மேலே பொடி ஆடைபோலத் திரண்டிருக்கும். மரக்கரண்டியால் (எவர்சில்வர் கரண்டி கண்ணாடியைக் கீறிவிடும்) மெல்லக் கலையுங்கள். பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும். மிதக்கும் நுரையை வழித்தெடுத்துவிட்டு இன்னும் மூன்று நான்கு நிமிடம் பொறுத்தால் நைசுத் துகளும் படியும்.

இப்போது கம்பி. பலரும் அழுத்தினால்தான் சாறு இறங்கும் என்று நினைக்கிறார்கள். இறங்க வேண்டியதெல்லாம் ஊறும்போதே இறங்கிவிட்டது; வலையின் வேலை வடிகட்டுவது மட்டும். அடிவரை குத்தினால் படிந்த வண்டல் மறுபடி கிளம்பும். ஆகவே வலை காபியின் மேல்மட்டத்தைத் தொட்டுச் சற்றே உள்ளே இறங்கியதும் நிறுத்தி, குடுவையை ஆட்டாமல் ஊற்றுங்கள். கடைசி இரண்டு மடக்கைக் குடுவையிலேயே விட்டுவிடுங்கள். மிச்சக் காபியையும் அதிலேயே வைக்காதீர்கள், ஊற ஊறக் கசப்பேறும். பிளாஸ்க்குக்கு மாற்றுங்கள்.

பால் சேர்த்தால் தண்ணீராக இருக்கிறது. ஃபில்டர் காபியின் திடம் வரவே வராதா?
– சென்னை வாசகி

அந்தக் கெட்டி டிகாக்‌ஷன் இதில் வராது, ஆனால் நல்ல பால் காபி வரும். மேலே சொன்ன 30 கிராம் கணக்கு கறுப்புக் காபிக்கானது. பாலுக்கு 45 கிராம் பொடி, 360 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் சுமார் 270 மில்லிதான் கைக்கு வரும். டம்ளரில் கால் பங்கு டிகாக்‌ஷன் என்ற பழக்கத்தை விட்டு, காபியும் பாலும் சரிபாதி ஊற்றுங்கள். தண்ணீர் கலக்காத கெட்டிப் பாலைக் கொதிக்கக் கொதிக்கச் சேர்க்க வேண்டும். பொடியில் கால் பங்கு ரொபஸ்டா என்ற திடமான காபி வகை இருந்தால் பாலில் கரைந்துபோகாமல் நிற்கும். தண்ணீருக்குப் பதில் பாலையே ஊற்றி ஊறவைக்க வேண்டாம். சாறு சரியாக இறங்காது, ஆடை வலையை அடைக்கும்.

பிரெஞ்ச் பிரஸ் பிரான்சில் கண்டுபிடித்ததுதானா?
– தஞ்சாவூர் வாசகர்

1852-ல் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் பிரான்சில் இதுபோன்ற ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். வலை குடுவை ஓரத்தில் ஒட்டி இறங்கும் இன்றைய வடிவத்துக்கு நெருங்கியதற்கு 1929-ல் காப்புரிமை பெற்ற கலிமானியும் மொனேட்டாவும் இத்தாலியர்கள்.

ஊட்டியில் இருக்கிறேன். தண்ணீர் கொதித்ததும் அரை நிமிடம் ஆறவிடச் சொல்கிறார்கள். காபி சப்பென்று இருக்கிறதே?
– ஊட்டி வாசகி

அந்த அரை நிமிடம் சமவெளிக்காரர்களுக்கு. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, காபிக்கு வேண்டியது 92 முதல் 96. உங்கள் ஊர் 2,200 மீட்டருக்கு மேல், தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதையும் ஆறவிட்டால் சாறு எப்படி இறங்கும்? கொதிக்கும்போதே ஊற்றுங்கள். குடுவையை நன்றாகச் சுடவைத்து, மேலே ஒரு துண்டைச் சுற்றி, கூட ஒரு நிமிடம் ஊறவிடுங்கள்.

கொட்டையை மிக்ஸியில் அரைக்கலாமா?
– சேலம் வாசகர்

அரைக்கலாம். பாதி நைசாகவும் பாதி துண்டாகவும் வரும் என்பதுதான் குறை. சட்னி ஜாரில் 30 கிராமுக்கு மேல் போடாமல், இரண்டு நொடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஓட்டுங்கள். ஆறேழு முறை போதும். பிறகு மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் நைசுப் பொடியை ஃபில்டருக்கு எடுத்து வைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையில் வண்டல் வெகுவாகக் குறைந்துவிடும்.

தினமும் கழுவியும் காபியில் சிக்கு வாடை வருகிறது.
– மதுரை வாசகி

குடுவையைக் கழுவுகிறீர்கள், கம்பியைக் கழற்றுவதில்லை என்று தோன்றுகிறது. கம்பியின் அடிப்பகுதி மறை போட்டது. இடப்பக்கம் திருகினால் மூன்று பாகமாக வரும்: துளையிட்ட தட்டு, வலை, விளிம்பில் சுருள் கம்பி ஓடும் தட்டு. வலைக்கும் தட்டுக்கும் நடுவில் காபியின் எண்ணெய் படிந்து காறிப்போகிறது. வாரம் ஒருமுறை கழற்றி, வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கரைத்து அரைமணி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். வலையின் ஓரம் பிரிந்திருந்தால் வலையை மட்டும் மாற்றினால் போதும். சக்கையைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் அடைக்கும்.

கொலஸ்ட்ரால் இருக்கிறது. இந்தக் காபி ஆகாது என்கிறார்களே?
– நாகர்கோவில் வாசகர்

காரணமுள்ள பேச்சுதான். காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். உலோக வலை அதை விட்டுவிடும், காகித வடிகட்டி பிடித்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு கப் வேறு, தினமும் மூன்று நான்கு கப் வேறு. பிரஸ்ஸில் போட்ட காபியைக் காகித வடிகட்டியில் இன்னொரு முறை வடித்துக் குடியுங்கள். தினசரி அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.