18 மீட்டருக்குள் என்ன நடக்கிறது? ஜார்ஜ்டவுன் கடைவீடுகள்: வாசகர் கேள்வி–பதில்

பினாங்கு, ஜார்ஜ்டவுன் பழைய நகரத்துக்குள் எழும் புதுக் கட்டடங்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் வரிசை முழுக்க இரண்டு மாடிக் கடைவீடுகள். நடுவில் காலியாகக் கிடந்த மனையில் ஐந்து மாடி ஹோட்டல் வருகிறதாம். "18 மீட்டருக்குள்தான் கட்டுகிறோம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது" என்கிறார்கள். அப்படித்தானா? (லெபோ பசார் வாசகர்)

பதில்: இல்லை. அதற்கு மேல் போகக்கூடாது என்ற எல்லைதான் 18 மீட்டர். அவ்வளவு உயரமும் கட்டலாம் என்று எழுதிக்கொடுத்த பட்டா அல்ல.

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ்டவுனில் மையப் பகுதி 109.38 ஹெக்டேர். அதைச் சூழ்ந்த காப்புப் பகுதி 150.04 ஹெக்டேர். இவற்றுக்கான சிறப்புப் பகுதித் திட்டம் 2016இல் அரசிதழில் வந்தது. அதில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு வகை உண்டு. கோயில், மசூதி, பழைய அரசு மாளிகைகள் போன்ற தனிச்சிறப்புள்ளவை வகை 1. கடைவீடுகளில் பெரும்பாலானவை வகை 2. மீதியில் காலி மனைகள் ஒரு பிரிவு, இடித்துக் கட்டினாலும் இழப்பில்லாத பிற்காலக் கட்டடங்கள் இன்னொரு பிரிவு. நீங்கள் சொல்லும் மனை காலி மனை என்றால் அங்கே கட்டலாம், அதில் சண்டையில்லை. ஆனால் இருபுறமும் வகை 2 நிற்கும்போது புதுக் கட்டடம் அந்த வரிசையோடு பொருந்த வேண்டும். முகப்பின் அகலம், கூரைச் சரிவு, மாடி மட்டம், அஞ்சடியின் (கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதை) தொடர்ச்சி என எல்லாவற்றையும் வைத்துத்தான் பேச வேண்டும். "ஐந்து மாடி அதிகம்" என்பதோடு நிறுத்தினால் "18க்குள்தானே" என்ற பதிலோடு உங்கள் வாதம் முடிந்துவிடும்.

வரைபடங்களில் குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உயரத்தை எங்கிருந்து அளந்திருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. தெரு மட்டத்திலிருந்தா, உயர்த்திக் கட்டப்போகும் தரைத்தளத்திலிருந்தா? அரை மீட்டர் அங்கேயே மறைந்துவிடும். அடுத்து மொட்டைமாடி. லிஃப்ட் இயந்திர அறை, தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனப் பெட்டிகள், அவற்றை மறைக்கும் தடுப்புச் சுவர் எல்லாம் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா? தெருவின் எதிர்ப்புறத்தில் ஒருவர் நின்று பார்த்தால் எவை கண்ணில் படும் என்று ஒரு பார்வைக்கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒழுங்காகத் திட்டமிட்டவர் அதைத் தரத் தயங்கமாட்டார்.

கேள்வி: ஆட்சேபம் எப்படிச் செய்வது? எத்தனை நாள் அவகாசம்? (ஜார்ஜ்டவுன், ஆயர் ஈத்தாம், பட்டர்வொர்த் வாசகர்கள்)

பதில்: 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) பிரிவு 21(6)இன்படி, உள்ளூர்த் திட்டம் அமலில் இல்லாத பகுதியில் ஒரு விண்ணப்பம் வந்தால் அண்டை நிலத்தின் பதிவு பெற்ற உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒட்டிய நிலம் மட்டும் அண்டை நிலம் அல்ல. 20 மீட்டருக்கு மிகாத சாலை, சந்து, வடிகால் நடுவில் இருந்தாலும் எதிர்ப்புறத்து நிலம் அண்டை நிலமே. பலர் இதை அறியாமல் "நமக்கென்ன, எதிர்சாரிதானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மனைக்கு இந்தப் பிரிவு பொருந்துமா, சிறப்புப் பகுதித் திட்டத்தின் விதிகள் பொருந்துமா என்பதை மாநகர் கழகத்தின் திட்டமிடல் துறையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கோப்பு எண்ணையும் மறக்காமல் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த எண் இல்லாத கடிதம்தான் மேசை மேசையாக அலையும். கடிதத்தில் விசாரணைக்கு வர விரும்புகிறேன் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். கேட்டவரைத்தான் அழைப்பார்கள். அதே கடிதத்தின் நகலை ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய அமைப்புக்கும் கொடுத்து, இரண்டு இடத்திலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள்.

நூறு கையெழுத்துகளோடு "எதிர்க்கிறோம்" என்று போகும் மனுவைவிட, "குறுக்குவெட்டுப் படத்தில் தொட்டி 18 மீட்டருக்கு மேல் தெரிகிறது", "இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள பொதுச் சுவரில் விட்டம் ஏற்றுவதற்கு எங்கள் ஒப்புதல் இல்லை", "அஞ்சடி மட்டம் எங்கள் வாசலைவிட உயர்கிறது" என்று மூன்று வரி எழுதிய ஒற்றைக் கடிதத்துக்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். முறைப்படி ஆட்சேபித்த அண்டை நில உரிமையாளர், முடிவு தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆட்சேபிக்காமல் இருந்துவிட்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது.

கேள்வி: நான் வாடகைக்கு இருப்பவன். எனக்கு உரிமை உண்டா?

பதில்: மேலே சொன்ன பிரிவு நில உரிமையாளருக்கு மட்டுமே பொருந்தும். நீங்கள் கடிதம் கொடுக்கலாம், ஆனால் சட்ட வலு உரிமையாளரின் கையெழுத்துக்குத்தான். கோயில் நிலமோ வக்ஃப் நிலமோ ஆனால் அதை நிர்வகிக்கும் வாரியம் கையெழுத்திட வேண்டும். வாரியக் கூட்டம் மாதம் ஒருமுறை என்றால் 21 நாள் ஓடிப்போய்விடும். அறிவிப்பு வந்த அன்றே செயலாளரைப் பாருங்கள்.

கேள்வி: பக்கத்து மனையில் பைலிங் (அஸ்திவாரத் தூண்களை நிலத்துக்குள் இறக்கும் வேலை) தொடங்கப்போகிறது. எங்கள் கடைவீடு நூறு வருடத்துக்கு மேல் பழையது. சுவர் தாங்குமா? என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: வேலை தொடங்குவதற்கு முன் செய்யாவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. அதனால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறோம்.

பழைய கடைவீட்டின் சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். அஸ்திவாரம் ஆழமில்லாதது. கடலோரப் பகுதியில் அடியில் மென்மையான களிமண். வெல்ட் கீ பக்கம் கடலை நிரப்பி எடுத்த நிலம். இப்படிப்பட்ட இடத்தில் அதிர்வு ஒரு பகை, தரை அமிழ்வது இன்னொரு பகை. எல்லோரும் சத்தத்தைப் பார்த்து அதிர்வுக்குப் பயப்படுகிறார்கள். பெரிய சேதம் பெரும்பாலும் சத்தமே இல்லாத இரண்டாவதால்தான் வருகிறது. நிலவறைக்குத் தோண்டும்போது குழியிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். சுற்றிலும் நிலத்தடி நீர் இறங்கும். நீர் வடிந்த களிமண் நசுங்கும். உங்கள் வீட்டின் ஒரு பக்கம் மட்டும் கீழே போகும்.

எனவே பக்கத்து மனைக்காரரிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். அடித்து இறக்கும் பைலுக்குப் பதில் துளையிட்டு ஊற்றும் சிறு விட்டப் பைல் வேண்டும். நீர் கசியாத தடுப்புச் சுவர் போட்ட பிறகே தோண்ட வேண்டும். உங்கள் எல்லையோரம் நீர்மட்டம் பார்க்கும் குழாய் ஒன்று இறக்கி வாராவாரம் அளவு தர வேண்டும். உங்கள் அஸ்திவாரத்தில் அதிர்வுமானி வைக்க வேண்டும். பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஜெர்மானியத் தரமான டின் 4150 பகுதி 3, அஸ்திவாரத்தில் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வை வினாடிக்கு 3 மில்லிமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறது. சாதாரணக் குடியிருப்புக்கு 5, வணிகக் கட்டடத்துக்கு 20. ஒப்பந்தக்காரர் "தரத்துக்குள்தான் இருக்கிறது" என்றால் இந்த மூன்றில் எது என்று கேளுங்கள். 20ஐ வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது நடக்கிற காரியம்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது: ஒவ்வொரு அறையின் நான்கு சுவரையும், கூரையடியையும், தரையையும் தேதியோடு படம் எடுங்கள். இருக்கும் விரிசல்களின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தை விரிசல் அளவுகோலால் அளந்து குறியுங்கள். இதை வேலைக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால் மழைக்கும் வெயிலுக்கும் உங்கள் சுவர் இயல்பாக எவ்வளவு அசைகிறது என்பது தெரியும். அது தெரியாவிட்டால் "அது முன்பே இருந்தது" என்பதற்கு மறுபேச்சு இருக்காது. பழைய விரிசலுக்குள் தூசியும் சாயமும் இருக்கும். புதியதின் ஓரம் கூர்மையாக, சுத்தமாக இருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் இணைப்பைப் பிடித்துப் படிக்கட்டுபோலவோ, மேலே அகன்று கீழே குறுகியோ போனால் தரை அமிழ்கிறது என்று பொருள். கதவு திடீரென்று இறுகுவதும் அதே சேதிதான். அன்றே கடிதம் கொடுத்து, பொறியாளர் வந்து பார்க்கும்வரை வேலையை நிறுத்தக் கேளுங்கள்.

கேள்வி: முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டினால் என்ன குறை? தெருவில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாதே?

பதில்: குறை நிறைய. கடைவீட்டின் உயிர் முகப்பில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. முன்கடை, நடுவில் திறந்த முற்றம், பின்கட்டு. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலேறிப் போகும், தெருக்காற்று உள்ளே இழுபடும். அதை மூடிக் கண்ணாடிக்கூரை போட்டால் குளிர்சாதனம் இல்லாமல் அந்த வீட்டில் இருக்க முடியாது. முற்றத்தடியில் ஓடும் வடிகாலும் அடைபட்டுச் சுவரில் ஈரம் ஏறும்.

பாதுகாப்புச் சிக்கல் இன்னும் பெரிது. மரத் தளத்தின் உத்திரங்கள் இருபுறப் பொதுச் சுவர்களுக்குள் செருகப்பட்டிருக்கின்றன. தளத்தைத் தாங்குவதோடு உயர்ந்த சுவர்களை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துவதும் அவைதான். உள்ளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் இரண்டு மாடி உயரச் சுவர் பிடிமானமின்றி நிற்கும். அந்தச் சுவரில் பாதி அடுத்த வீட்டுக்காரருடையது. கழற்றுவதற்கு முன்பே இரும்புச் சட்டங்கள் முட்டுக்கொடுத்திருக்க வேண்டும், உத்திரங்களைப் பகுதி பகுதியாகத்தான் எடுக்க வேண்டும். வகை 2 கட்டடத்தில் உள்ளிருப்பவை அனைத்தையும் நீக்கி முகப்பைத் தோல்போல வைத்துக்கொள்வதைப் பாதுகாப்பு என்று நாம் ஏற்கக்கூடாது.

கேள்வி: பக்கத்துக் கடையைப் புதுப்பித்துச் சிமெண்டு பூசி, அஞ்சடியையும் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு எங்கள் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது.

பதில்: சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. சிமெண்டு அந்த வழியை அடைத்ததும் அது உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. உயர்ந்த அஞ்சடி மழைத்தண்ணீரை உங்கள் சுவரடிக்குத் தள்ளுகிறது. முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். அஞ்சடியை மறித்தாலோ மாற்றினாலோ மாநகர் கழகத்திடம் முறையிடலாம், 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் அதற்கு இருக்கிறது. உங்கள் சுவரிலும் சிமெண்டு இருந்தால் கையுளியால் எடுங்கள், இயந்திரச் சுத்தியல் வேண்டாம். சில மாதம் வெறுஞ்சுவராகக் காயவிட்டு, பூக்கும் உப்பை ஈரமில்லாத தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டி மெதுவாக இறுகவிடுங்கள். மேலே சுண்ணாம்பு அடியுங்கள், பிளாஸ்டிக் பெயிண்ட் கூடவே கூடாது.

கேள்வி: இப்படியே போனால் யுனெஸ்கோ பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களா?

பதில்: நீக்கியதுண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் 2009இல் ஒரு பாலத்துக்காகவும், இங்கிலாந்தின் லிவர்பூல் 2021இல் துறைமுகப் பகுதிப் புதுக்கட்டுமானங்களுக்காகவும் நீக்கப்பட்டன. ஜார்ஜ்டவுனுக்கும் சோதனை உடனேயே வந்தது. பட்டியலில் சேர்ந்த 2008இலேயே, முன்னதாக ஒப்புதல் பெற்றிருந்த நான்கு உயரமான ஹோட்டல் திட்டங்கள் சர்ச்சையாயின. 2009இல் யுனெஸ்கோ குழு வந்து பார்த்தது. மையப் பகுதியில் இருந்த இரண்டும் 18 மீட்டருக்குக் குறைக்கப்பட்டன. அன்று குறைக்க முடிந்தது என்பதை இன்று "ஒப்புதல் கொடுத்தாயிற்று" என்று சொல்பவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி: பழையதையே கட்டிக்கொண்டு இருந்தால் நகரம் எப்படி வளரும்? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: நியாயமான கேள்வி. நம் முன்னோர் கடைத்தெரு என்று அழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டில் கடைக்கு மேலேயே குடும்பம் இருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி 2000 ஜனவரி முதல் வாடகை சந்தைவிலைக்குப் போனபோது பலர் வெளியேறினார்கள். அதனால் இன்றைய கேள்வி "புதிதாக எத்தனை மாடி" என்பதற்கு முன்னால், ஏற்கெனவே இருக்கும் மேல்மாடிகளில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்பது. அவற்றை வீடாகத் திறக்கப் பின்புறம் ஒரு தனிப் படிக்கட்டு, பின்சந்து வழியே ஒரு குளியலறைக் குழாய், புகை உணரும் கருவி, பழைய மின்கம்பிகளை மாற்றுவது போன்றவை தேவைப்படும். ஒரு வீட்டை ஹோட்டலாக்கப் பயன்பாட்டு மாற்றத்துக்குத் திட்ட அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் வரும்போதும் 18 மீட்டருக்கு வந்ததுபோலவே கடிதங்கள் வரட்டும். காலி மனைகளில் கட்டுபவர்கள் மேல்மாடியில் வாடகைக் குடியிருப்பு வைக்க முன்வந்தால், அந்தத் திட்டத்துக்கு ஆதரவுக் கடிதமும் எழுதுங்கள்.