வழிவிடுதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்கு ஒரு ரப்பர் விளை இருக்கிறது. அதன் பின்னால் குடியிருக்கும் ஒரு குடும்பம் எங்கள் விளை வழியாகத்தான் சாலைக்கு வரவேண்டும். வேலியிட்டு அடைக்கலாம், அல்லது வழிக்குப் பணம் வாங்கலாம் என்று அண்ணன்மார் சொல்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு பெரியவர் படுக்கையில் கிடப்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பைபிளில் ஏதோமின் ராஜாவும் தன் நாட்டின் வழியாகப் போக இஸ்ரவேலரை விடவில்லையே? சுங்கச்சாவடியில் நாமும் பணம் கட்டித்தானே போகிறோம்? வழிவிடுவது பெருந்தன்மை, கடமை அல்ல என்றே நினைக்கிறேன். தங்கள் கருத்தை அறிய ஆவல்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மனம் ஒப்பவில்லை என்று எழுதிய கையால் கடைசிக்கு முந்தைய வரியை எப்படி எழுதினீர்கள்? சுசீந்திரத்தின் தேரோடும் வீதிகளைப் பற்றிச் சில வாரங்களாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வரி பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சுங்கச்சாவடியை விட்டுவிடுவோம். சாலை போட்டதற்கும் பராமரிப்பதற்கும் அங்கே பணம் வாங்குகிறார்கள். கூடுதலா குறைவா என்பது வேறு விவாதம். நீங்கள் விளையில் தார் போடவில்லை. உங்கள் நிலம் அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டுமே பணம் கேட்கிறீர்கள். டென்மார்க் அரசர்கள் 1429 முதல் 1857 வரை தங்கள் நீரிணையைக் கடந்த கப்பல்களிடம் இப்படித்தான் வாங்கினார்கள். இன்றைய கடல் சட்டம் அதை ஏற்பதில்லை. ஒரு நாட்டின் கரையோரக் கடலைக் கடந்துபோகும் அயல்நாட்டுக் கப்பலிடம், கடந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டணம் வாங்கக்கூடாது என்று 1982-ஆம் ஆண்டின் உடன்படிக்கை சொல்கிறது. கப்பலுக்கென்று செய்த பணிக்கு மட்டுமே கூலி கேட்கலாம்.

ஏதோமின் கதையையும் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். வயல்களிலும் திராட்சத் தோட்டங்களிலும் இறங்கமாட்டோம், ராஜபாதையில் மட்டும் நடப்போம், குடிக்கும் தண்ணீருக்கு விலை தருவோம் என்று இஸ்ரவேலர் கேட்டார்கள். தங்களைச் சகோதரன் என்று சொல்லியும் கேட்டார்கள். பெருங்கூட்டத்தைக் கண்டு ஏதோம் அஞ்சியிருக்கலாம். படைக்கு வழி மறுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். போரிடும் நாடுகள் நடுநிலை நாட்டின் வழியே படை நடத்தக்கூடாது என்று 1907-இல் ஹேக் நகரில் விதி வகுத்தார்கள். 1914 ஆகஸ்டில் வழி கேட்ட ஜெர்மனிக்கு மறுத்துவிட்டு, பெல்ஜியம் அதற்கான துன்பத்தை ஏற்றது. நம் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் 1809 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படையின் கர்னல் செயின்ட் லெகர் கோட்டை அரணை உடைத்துத்தான் உள்ளே வந்தார். சுங்கம் தவிர்த்த சோழன் என்று நாம் போற்றும் முதலாம் குலோத்துங்கனே கோட்டாற்றுக் கோட்டைக்குத் தீ வைத்தவன். சரக்குக்கு வழி திறந்தவன் என்பதால் அவன் படைக்கும் வழி திறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் விளை வழியாக வருவது படை அல்ல, தம்பி. பால் வாங்கப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் வருகிறார்கள்.

என் பாட்டி அகஸ்தீஸ்வரம் பக்கத்திலிருந்து கோட்டாற்றுச் சந்தைக்குக் கருப்புக்கட்டி சுமந்தவள். சுசீந்திரம் அவள் போகும் வழியில்தான் இருந்தது. ஆனால் தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் அவள் சாதிக்காரர்கள் நடக்கக்கூடாது. ஆகவே வயலில் இறங்கி, வரப்பு வழியே சுற்றி, மறுபடியும் சாலையில் ஏறுவாள். சாலையோரத்தில் யாரோ புண்ணியவான்கள் நட்ட சுமைதாங்கிக் கல் இருந்தது. வரப்பில் அது கிடையாது. தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் இன்னொரு கை வேண்டும் என்பது சுமந்தவர்களுக்குத் தெரியும். மழை நாளில் வழுக்கி விழுந்து சுமை முழுவதும் சேற்றில் கரைந்துபோனதை, முதுமையிலும் அவள் கோபம் குறையாமல் சொல்வாள். அந்த வீதியில் நடந்தவர்கள் அவளுக்கு எதிரிகள் அல்லர். அவளிடம் கருப்புக்கட்டி வாங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். வழி தங்களுடையது, விடுவது தங்கள் பெருந்தன்மை என்றுதான் அவர்களும் நினைத்தார்கள்.

1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளுக்கும் ஏற்பட்ட வணிக உடன்பாட்டால் பெரும்பாலான சரக்குகள் எல்லையில் தீர்வையின்றிக் கடந்தன. அதே ஆண்டில் பொதுச்சாலைகள் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. சரக்குக்குத் திறந்த வழி திறந்தே இருந்தது. மனிதருக்குத் திறந்த வழியை நீதிமன்றம் ராஜவீதி, கிராமவீதி என்று இரண்டாகப் பிரித்தது. கோயிலை ஒட்டிய தெருக்கள் கிராமவீதிக் கணக்கில் விழுந்து மூடியே கிடந்தன. அந்தத் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் 1924-இல் போராட்டம் தொடங்கியது. சுசீந்திரத்தில் 1926-இலும் 1930-இலும் டாக்டர் எம். இ. நாயுடு போன்றவர்கள் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள், நடந்தவர்கள் அடிபட்டார்கள். 1936 நவம்பர் 12-இல், எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்ற ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. மூட்டைக்கு 1865-இல் கிடைத்த வழி, மூட்டையைச் சுமந்தவளுக்குக் கிடைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகும், வழிவிடுவது அவரவர் விருப்பம் என்று நம் மாவட்டத்துப் பிள்ளை ஒருவன் எழுதலாமா?

கடலில்லா நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமை உண்டு என்றும், அயல்நாட்டின் வழியே கடந்துபோகும் அவற்றின் சரக்குக்குச் சுங்கத்தீர்வை கூடாது என்றும் அந்தக் கடல் உடன்படிக்கையே சொல்கிறது. நாட்டுக்கு உள்ள அந்த உரிமை, நாலு பேர் வாழும் வீட்டுக்கு இல்லையா? 1882-ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டமும், இருபது ஆண்டுகள் உரிமையாகத் தடையின்றி நடந்த பாதைக்குப் பாத்தியம் தருகிறது. அவர்கள் எவ்வளவு காலமாக நடக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அண்ணன்மார் சட்டம் பேசினால் அதைக் கேளுங்கள்.

உங்கள் மனம் ஒப்பாததை நான் மதிக்கிறேன். கடிதத்தில் எனக்குப் பிடித்த ஒரே வரி அதுதான். அந்தப் பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வீட்டு வாசல்வரை போகும் அகலத்துக்கு அளந்து, இடையில் நிற்கும் ரப்பர் மரங்களை வெட்டிவிடுங்கள். பணம் வாங்காதீர்கள். வாய்ச்சொல்லாக விட்டால் உங்களுக்குப் பின் வருகிறவர்கள் அடைத்துவிடுவார்கள். அண்ணன்மாரையும் கையெழுத்திடச் செய்து, வழிப்பாத்தியம் என்று பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்து, நகலை அவர்கள் கையில் கொடுங்கள்.